கோப்பைக்குள் ஏறும் சுருதி

இரவு மூன்று பத்து.
பினாங்கு பொது மருத்துவமனைக்கு எதிரே
மாமாக் கடையில் ஈரமில்லாத மேசை ஒன்றுதான் இருந்தது.
"மைலோ சூடா. சீனி வேணாம்" என்றேன்.
நைனா முகம்மது சீனி போட்டுத்தான் கொண்டுவந்தார்.
கேட்கவில்லை போல.
கேட்கவில்லை என்கிற சொல்
நேற்றிலிருந்து போகுமிடமெல்லாம் காலில் இடறுகிறது.

பயான் லெப்பாஸில் எனக்கு ஒலிபெருக்கி சோதிக்கும் வேலை.
கட்டைவிரல் நகமளவுதான்,
கைப்பேசிக்குள் போகிறவை.
ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு.
அடித்தொண்டையிலிருந்து உச்சிவரை
ஒரு சீழ்க்கையை ஏற்றிக்கொண்டே போவோம்.
பச்சை எரிந்தால் பெல்ட்டில்.
சிவப்பு எரிந்தால் நீலத் தொட்டியில்.
பதினோரு வருடத்தில் ஒருமுறையும்
அந்தத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

நேற்று மாலை ஹயாத்தி என்கிற பெண்
ஒரு ரப்பர் மொட்டைப் பிள்ளையின் காதில் செருகினாள்.
பிறந்து முப்பது மணி நேரம்.
இன்னும் பெயர் வைக்கவில்லை.
அட்டையில் 'தவமலரின் ஆண் குழந்தை'.
காதுக்குள் டிக் டிக்கென்று அனுப்பிவிட்டு
மெஷினைப் பார்த்துக் காத்திருந்தாள்.
எதற்கு என்றேன்.
"காது பதில் சொல்லும்" என்றாள் மலாயில்,
பேருந்து வரும் என்பதைப் போல.

எனக்குத் தெரியாது.
ஒலியோடுதான் பிழைக்கிறேன், இது தெரியாது.
நத்தைச் சுருளுக்குள் இருக்கும் மயிரிழைகள்
வந்த ஒலிக்குத் துள்ளுமாம்.
அந்தத் துள்ளல் வந்த வழியே திரும்பி
செவிப்பறையை உள்ளிருந்து தட்டி
வெளியே கசியுமாம்.
அவ்வளவு மெலிதாக
காதுக்குச் சொந்தக்காரனுக்கே கேட்காமல்.

இடது காது பச்சை.
வலது காதுக்கு நிறமில்லை, ஒரு சொல்தான்: 'ரிஃபர்'.
"ஃபெயில் இல்லை, அபாங்" என்றாள் என் முகத்தைப் பார்த்து.
"உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கலாம்.
அம்மா வயிற்றுத் தண்ணீர்.
காலையில் மறுபடி பார்க்கலாம்."
தவமலர் ஒன்றும் பேசவில்லை.
பிள்ளையை வாங்கி
வலது காது கீழே வரும்படி மார்பில் சாய்த்துக்கொண்டாள்.
பத்து பெரிங்கி கடலில் முங்கி எழுந்து
ஒற்றைக் காலில் குதிப்போமே,
அந்த நம்பிக்கையில்.

மைலோவைக் கலக்கினேன்.
கரண்டியால் அடிப்பக்கம் தட்டினேன், வேலைப் பழக்கம்.
டொம்.
மறுபடி தட்டினேன். டொங்.
மறுபடி. டங்.
டிங்.
அதே கோப்பை, அதே கரண்டி, தட்டிய இடமும் அதே.
சுருதி மட்டும்
படியேறிப் போய்க்கொண்டிருக்கிறது.

தூளோடு உள்ளே போன காற்று
கண்ணுக்குத் தெரியாத குமிழிகளாய் மிதக்கிறது.
அதற்குள் ஒலி
முழங்கால் சேற்றில் நடக்கிறவனைப் போலத்தான் நடக்கும்.
ஒவ்வொரு குமிழியும் மேலே வந்து உடைய உடைய
அவனுக்குக் கால் விடுபடுகிறது.
யாரும் எதையும் சரிசெய்யவில்லை.
சும்மா விட்டது மட்டும்தான்.

நம்பாமல் இன்னொருமுறை கலக்கினேன்.
டொம்.
திரும்ப அடிக்கே போய்விட்டது.
என்னவோ பயந்து
கரண்டியை வெளியே எடுத்து வைத்தேன்.

"கிளாஸ் உடைஞ்சிரும் அண்ணே" என்று வந்தார் நைனா.
தட்டிப் பாருங்கள் என்றேன்.
தட்டினார். தலையைச் சாய்த்தார். தட்டினார்.
"ஏறுதே!"
துணியைத் தோளில் போட்டுக்கொண்டு
எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டார்.
"பதினாறு வருஷமாக் கலக்குறேன்.
ஒரு நாள் காதுல விழுந்ததில்ல பாருங்க."

எதிர்க் கட்டடத்தில் மூன்றாம் மாடி விளக்கு
எரிந்துகொண்டிருந்தது.
ஏழு மணிக்கு ஷிப்டு, லீவு சொல்லவேண்டும்.
மைலோ ஆறி ஆடை படிந்துவிட்டது.
"இன்னும் ஒருதரம்" என்றார் அவர், கரண்டியை ஓங்கி.

குனிந்தேன்.
வலது காதைக் கொடுத்தேன்.